ஓவனில் செய்யும் டோனட் காய்ந்துபோகிறது, நடு ஓட்டையும் மூடுகிறது: எங்கே பிழை?

சாம்பல்தீவு எழுதியது:

எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் செய்யும் டோனட் பற்றிய கேள்வி. இரண்டு வகையும் செய்து பார்த்தாயிற்று, இரண்டிலும் பிழை வருகிறது. அளவுகளை அப்படியே தருகிறேன்.

ஓவன் மேசையில் வைக்கும் 30 லீற்றர். மேலும் கீழும் சூட்டுக் கம்பி, காற்றாடி இல்லை. தட்டு கறுப்பு நொன்ஸ்டிக், 6 குழி.

பேக்கிங் பவுடர் வகைக்கு: கோதுமை மா 1 கப், சீனி அரைக் கப், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, முட்டை 1, பால் அரைக் கப், உருக்கிய மாஜரின் 2 மேசைக்கரண்டி. பீற்றரால் 3 நிமிடம் அடித்து, குழி நிறைய ஊற்றி, 180 பாகையில் 18 நிமிடம். வெளியே தடித்த தோல், உள்ளே உதிரி, நடு ஓட்டை மூடிவிடும். சாப்பிட்டபின் நாக்கில் சவர்க்காரம் பட்டதுபோல ஒரு கைப்பு.

ஈஸ்ட் வகைக்கு: மா 300 கிராம், இளஞ்சூட்டுப் பால் 150 மில்லிலீற்றர், முட்டை 1, சீனி 40 கிராம், பட்டர் 40 கிராம், ஈஸ்ட் 2 தேக்கரண்டி. ஒன்றரை மணித்தியாலம் பொங்கவிட்டு, வெட்டி, இன்னும் ஒரு மணித்தியாலம் வைத்து, 170 பாகையில் 20 நிமிடம். தட்டையாகி, தோல் சுருங்கி, புளித்த மணத்தோடு வருகிறது. அடுத்த நாள் விசுக்கோத்துப் போலக் காய்ந்துவிடும்.

சூன் பாண் ஓட்டோவில் (தெருத்தெருவாகப் பாண், பணிஸ் விற்கும் வண்டி) வருவதுபோன்ற மென்மை ஓவனில் கிடைக்குமா? சீனி தூவினால் அரை மணித்தியாலத்தில் தண்ணியாவது ஏன்?

போறணைச்சூடு எழுதியது:

ஈஸ்ட் வகையைப் பற்றி நான் சொல்கிறேன். மற்றதை வேறு யாராவது எழுதட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பொரித்த டோனட்டின் மென்மையில் பாதி எண்ணெயின் வேலை. 180 பாகை எண்ணெயில் விழுந்தவுடன் மேல்தோல் இறுகிவிடும், ஒரு பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும், தோலுக்குள் கொஞ்சம் கொழுப்பும் ஏறும். ஓவனில் இந்த மூன்றும் இல்லை. சூடான காற்று மெதுவாகத்தான் வேகவைக்கும், வேகும் நேரம் முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஈரத்தை மாவுக்குள்ளேயே கட்டிவைக்க வேண்டும், ஓவனில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், கொழுப்பை வெளியில் இருந்து கொடுக்க வேண்டும். இதைச் செய்தால் நல்ல பட்டர் பணிஸைவிட மென்மையாக வரும். பொரித்த சுவை வராது. ஆனால் சொந்தமாக ஒரு நல்ல சுவை வரும்.

ஈரத்தைக் கட்டுவதற்குக் களி காய்ச்ச வேண்டும். மொத்த 300 கிராம் மாவில் 20 கிராமை எடுத்து 100 மில்லிலீற்றர் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு நெருப்பில் கிண்டுங்கள். 65 பாகையைத் தொடும்போது திடீரெனக் கூழாகும். கரண்டியை இழுத்தால் சட்டியின் அடியில் கோடு தெரிந்து, மெதுவாக மூடும். அவ்வளவுதான், இறக்கிவிடுங்கள். மாவில் உள்ள மாப்பொருள் அந்தச் சூட்டில் தண்ணீரைக் குடித்து வீங்குகிறது, பிறகு ஓவனிலும் அதை எளிதில் விடாது. களி நன்றாக ஆறியபின்தான் சேர்க்க வேண்டும்.

பிறகு மிச்ச மா 280 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி 45 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, முட்டை 1, குளிர்ந்த பால் 60 மில்லிலீற்றர், அந்தக் களி. எல்லாவற்றையும் சேர்த்து 5 நிமிடம் குழைத்தபின் 45 கிராம் மென்மையான பட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். உருக்கிய பட்டர் வேண்டாம். கொழுப்பு முதலே சேர்ந்தால் மாவின் இழுவை உண்டாகப் பிந்தும். கையால் குழைத்தால் பட்டர் போட்டபின் இன்னும் 10 நிமிடமாவது தேவை. தொடக்கத்தில் கையில் ஒட்டும், ஒட்டுகிறதென்று மாவைத் தூவாதீர்கள். எல்லோரும் கெடுக்கும் இடம் அதுதான். சிறு துண்டு எடுத்து விரல்களால் விரித்தால், விளக்குக்கு முன் பிடிக்கும்போது வெளிச்சம் தெரியும் அளவுக்குக் கிழியாமல் சவ்வாக நிற்க வேண்டும். அதுவரை குழையுங்கள்.

பாலைக் குளிராக எடுக்கச் சொன்னதற்குக் காரணம் எங்கள் வெயில். இளஞ்சூட்டுப் பால், ஒன்றரை மணித்தியாலம் எல்லாம் குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதிய கணக்கு. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் சமையலறையே 33, 34 பாகையில் நிற்கும். குழைத்து முடித்த மா 26, 27 பாகைக்குள் இருந்தால்தான் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும். இளஞ்சூட்டுப் பால் ஊற்றினால் தொடக்கத்திலேயே 32ஐத் தாண்டிவிடும். உங்களுடைய தட்டையான வடிவமும் சுருங்கிய தோலும் புளித்த மணமும் ஒரே பிழையால் வந்தவை: மா அளவுக்கு மிஞ்சிப் பொங்கிவிட்டது. உள்ளே வாயுவைத் தாங்கும் சவ்வு இழுபட்டு மெலிந்து, ஓவனில் உடைந்துபோகிறது. ஈஸ்ட்டும் 2 தேக்கரண்டி, இந்தச் சூட்டுக்கு அது கூட.

முதல் பொங்கலுக்கு இங்கே 45 நிமிடம் போதும். மணிக்கூட்டைவிட மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு ஆனதும் நிறுத்துங்கள். காற்றை மெதுவாக அமுக்கி எடுத்து, மூடி 20 நிமிடம் பிரிட்ஜில் வைத்தால் பட்டர் கொஞ்சம் இறுகி, உருட்ட வசதியாக இருக்கும். ஒன்றேகால் சென்ரிமீற்றர் தடிப்புக்கு உருட்டி, 7 சென்ரிமீற்றர் வாயுள்ள தேநீர்க் கிளாசால் வெட்டலாம். நடுவுக்குச் சோடாப் போத்தல் மூடி, அது ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். சிறிய மூடி வேண்டாம், மா பொங்கும்போது ஓட்டை பாதியாகிவிடும். கிளாசை நேராக அமுக்கி நேராக எடுங்கள். திருகினால் வெட்டு விளிம்பு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். 8 அல்லது 9 வளையமும், நடு உருண்டைகளும் வரும்.

இரண்டாவது பொங்கல் 20 முதல் 25 நிமிடம். விரலில் மா தொட்டு ஓரத்தில் மெதுவாக அமுக்குங்கள். பள்ளம் உடனே திரும்பினால் காணாது. மெதுவாகத் திரும்பி ஒரு சின்ன அடையாளம் மிஞ்சினால் ஓவனுக்கு அனுப்பலாம். திரும்பவே இல்லையென்றால் பிந்திவிட்டீர்கள். அந்த மாவைத் திரும்பக் குழைத்து உருண்டை பணிஸாகச் சுடுங்கள், வீணாகாது.

மேலே பாலைத் தூரிகையால் தொட்டுப் பூசி, 200 பாகையில் 8 அல்லது 9 நிமிடம். 170இல் 20 நிமிடம் வைப்பது காயவைக்கும் வேலை. மேலே வெளிறிய பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், உள்ளே 88 முதல் 90 பாகை இருந்தால் சரி. வெளியே எடுத்த அதே நிமிடத்தில் உருக்கிய பட்டரை இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசவும். 9 வளையத்துக்கு 40 கிராம் பட்டர். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் முழு உழைப்பும் வீண், தோல் இளகுவது இந்தப் பட்டரால்தான்.

கறுவாத்தூளை மாவுக்குள் போடாதீர்கள். கறுவா எண்ணெய் ஈஸ்ட்டை மந்தமாக்கும். வெளியே தூவுவதற்கு மட்டும்.

உவர்மலை எழுதியது:

பேக்கிங் பவுடர் வகையைப் பற்றி நான் சொல்லுறன் தங்கச்சி.

உங்கட அளவில பவுடர் இரட்டிப்பு. ஒரு கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் தலைதட்டி. கூடப் போட்டால் முதலில பெருசா எழும்பும், பிறகு இருந்துபோகும். நாக்கில அந்தக் கைப்பும் அதாலதான். அடுத்தது, பீற்றரைத் தூக்கி வையுங்கோ. எங்கட கோதுமை மா பாணுக்கு ஏற்ற மா, நல்ல இழுவை உள்ளது. மூன்று நிமிடம் அடிச்சால் அந்த இழுவை எல்லாம் எழும்பி, உள்ளே புழுத் துளை மாதிரி நீள ஓட்டையும் வெளியே றப்பர் தோலும் வரும்.

நான் சொல்லுற அளவு: மா 115 கிராமும் கோர்ன்ஃப்ளவர் 15 கிராமும், அரைச்ச சீனி 70 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, அப்பச்சோடா (பேக்கிங் சோடா) அரைக்கால் தேக்கரண்டி, உப்பு கால், துருவின சாதிக்காய் கால் தேக்கரண்டி. இதை இரண்டு தரம் அரிச்சு எடுங்கோ. சாதிக்காயை விடாதேங்கோ, பலருக்கு "டோனட் மணம்" எண்டு ஞாபகத்தில நிற்கிறது அதுதான். இன்னொரு கோப்பையில முட்டை 1, தயிர் 60 கிராம், பால் 40 மில்லிலீற்றர், மணமில்லாத எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வனிலா அரைத் தேக்கரண்டி. மாஜரினை விட எண்ணெய் நல்லது. ஆறினாப் பிறகும் இறுகாது, அடுத்த நாளும் மென்மையா இருக்கும்.

தயிர் ஏன் எண்டால், அதின்ர புளிப்பு மாவின் இழுவையைக் குறைக்கும், அப்பச்சோடாவோட சேர்ந்து பஞ்சாக்கும். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் கிடைச்சால் அதைவிட வேறை தேவையில்லை. ஆனால் அது நல்ல தடிப்பு, அதனால பாலை 50 மில்லிலீற்றர் ஆக்குங்கோ. சட்டியில மேல நிற்கிற மஞ்சள் தண்ணியை வடிச்சுப்போட்டு அளக்கவேணும்.

ஈரத்தை மாவுக்கு நடுவில ஊத்தி, அகப்பையால 15, 20 தரம் மடிச்சுக் கலந்தால் காணும். சின்னச் சின்னக் கட்டி தெரிஞ்சாலும் பரவாயில்லை, அது ஓவனுக்குள்ள கரைஞ்சுபோகும். கலவை கரண்டியில இருந்து தடிச்ச நாடாவா விழவேணும்.

நடு ஓட்டை மூடுறது குழி நிறைய ஊத்துறதால. ஒரு குழிக்குள்ள தண்ணி நிரப்பி, அதை அளந்து பாருங்கோ. 60 மில்லிலீற்றர் பிடிச்சால் கலவை 40 கிராம், அதாவது மூன்றில் இரண்டு. நடுக் கூம்பின்ர தலை வெளியில தெரியவேணும். கரண்டியால விட்டால் கூம்பில வழியும். பொலித்தீன் பைக்குள்ள போட்டு மூலையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிப் பிழியுங்கோ. இந்த அளவில 9 வரும்.

உங்கடது கறுப்புத் தட்டு, சூட்டைக் கூட இழுக்கும். ஓவனை 190இல சூடாக்கிப்போட்டு, தட்டை வைச்சதும் 180க்கு இறக்குங்கோ. 9 நிமிடத்தில ஒரு ஈர்க்கால குத்திப் பாருங்கோ, சுத்தமா வந்தால் எடுங்கோ. 10 நிமிடத்துக்கு மேல வேண்டாம். 18 நிமிடம் எண்டது ஒரு சின்ன கேக்குக்கான நேரம். எடுத்தாப்பிறகு தட்டிலேயே 3 நிமிடம், பிறகு கம்பி வலையில கவிழ்த்துவிடுங்கோ. கூட நேரம் தட்டில கிடந்தால் ஆவி ஓடமுடியாமல் அடி ஈரமாகும்.

கொட்டியாரக்குடா எழுதியது:

மேலே இருவரும் சொன்ன பாகைகள் சரிதான், ஆனால் அந்த ஓவன் உண்மையிலேயே 180 காட்டும்போது 180இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேசை ஓவன்களில் 20 பாகை வித்தியாசம் சாதாரணம். ஓவன் வெப்பமானி ஒன்று வாங்குவது நல்லது. கையில் இல்லையென்றால் சீனியால் பார்க்கலாம். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனியைப் பரப்பி, 175இல் 15 நிமிடம் வையுங்கள். உருகக்கூடாது. 190இல் 15 நிமிடம் வைத்தால் உருக வேண்டும். 175இலேயே உருகினால் உங்கள் ஓவன் கூடக் காய்கிறது, குமிழைக் குறைத்து வையுங்கள்.

பின்னேரத்தில் வோல்டேஜ் குறையும் வீடுகளில் இன்னொரு சிக்கல். 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால், 1500 வாட் ஓவன் கிட்டத்தட்ட 1130 வாட் சூட்டைத்தான் தரும். சூடாக 10 நிமிடம் என்று எழுதியிருந்தாலும் 20 நிமிடம் எடுக்கலாம். கதவைத் திறந்து தட்டை வைத்தபின் இழந்த சூட்டைப் பிடிக்கவும் நேரமாகும். அந்த நேரத்தில்தான் டோனட் காயும். ஓவனின் சூட்டு விளக்கு அணைந்ததும் உடனே வைக்காமல், இன்னும் 5 நிமிடம் கழித்து வையுங்கள்.

தட்டு நடுவில் இருந்தாலும் 30 லீற்றர் ஓவனில் மேல்கம்பி கிட்டத்தான். பேக்கிங் பவுடர் வகைக்குத் தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். அந்தத் தட்டில் அடிப்பக்கம்தான் கவிழ்த்தபின் மேலாகத் தெரியப்போகிறது, நிறம் அங்கேதான் வேண்டும்.

சாம்பல்தீவு எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்னும் சில சந்தேகங்கள். 6 குழித் தட்டு ஒன்றுதான், மிச்சக் கலவை காத்திருக்கலாமா? பால்மா கரைத்த பால் ஈஸ்ட் வகைக்குச் சரியா? சீனி தண்ணியாகும் கேள்வியும், சொக்லேட் பூச்சும் மிச்சம்.

உவர்மலை எழுதியது:

கலவை 15 நிமிடம் காத்திருக்கும், அதுக்கு மேல போனால் அப்பச்சோடாவின்ர வேகம் அடங்கிவிடும். பிரிட்ஜில வைக்கலாம். முக்கியமானது தட்டை ஆறவிட்டு, துடைச்சு, திரும்ப எண்ணெய் பூசவேணும். சுடுதட்டில பிழிஞ்சால் ஓரம் உடனே இறுகி, நடு மட்டும் கூம்பா எழும்பும்.

பால்மா தாராளமா சரி. 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு முழு ஆடைப் பால்மா 25 கிராம்.

போறணைச்சூடு எழுதியது:

சீனி விஷயம். டோனட் சுடச்சுட இருக்கும்போது ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் சீனி விழுந்தால் அந்த ஈரத்தில் கரையும். பட்டரை உடனே பூசுங்கள், சீனியைக் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு வந்தபின் பிரட்டுங்கள், 4, 5 நிமிடம் கழித்து. 100 கிராம் சீனிக்குக் கறுவாத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஒரு கிள்ளு உப்பு. சாதாரண மணிச்சீனிதான் இதற்கு நல்லது. ஐசிங் சீனி மிக நுண்மை, ஈரத்தை உடனே குடித்துவிடும். பிரட்டியபின் மூடிய டப்பாவுக்குள் அடைத்தாலும் அதே கதைதான். முழுதாக ஆறிய பிறகே மூடுங்கள். அடுத்த நாளைக்கு வேண்டுமென்றால் பட்டரும் சீனியும் இல்லாமல் வைத்து, அன்று சூடாக்கிப் பூசுவதே சரி.

பளபளக்கும் ஐசிங் பூச்சு வேண்டுமென்றால் ஐசிங் சீனி 120 கிராமுக்குப் பால் 20 மில்லிலீற்றர், அதற்கு மேல் துளித்துளியாக. ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது இது காயவே காயாது, கையில் பிசுபிசுக்கும். அந்த மாதங்களில் சொக்லேட்டுக்கு மாறுங்கள். உண்மையான சொக்லேட்டில் இருக்கும் கொக்கோ பட்டர் 34 பாகைக்குள் உருகிவிடும், எங்கள் மத்தியான வெயிலில் மேசையிலேயே வழியும். கொம்பவுண்ட் சொக்லேட்டில் வேறு கொழுப்பு, இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். 150 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து, கொதிநீர்ச் சட்டிமேல் உருக்கி, ஆறிய டோனட்டின் முகத்தைத் தோயுங்கள். ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் சொக்லேட் மணல்போலத் திரண்டுவிடும், ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டியாரக்குடா எழுதியது:

வைக்கும் முறை பற்றி ஒன்று. ஈஸ்ட் டோனட்டைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 4 பாகைக் குளிரில் மாப்பொருள் இன்னும் வேகமாக இறுகும், வெளியில் வைத்ததைவிட முதலில் பழசாகும். அன்றே முடியாததை ஆறியவுடன் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீஸரில் வையுங்கள், ஒரு மாதம் நிற்கும். எடுத்துச் சுற்றியபடியே அரை மணித்தியாலம் வெளியில் வைத்து, 150 பாகையில் 4 நிமிடம் சூடாக்கி, உடனே பட்டர், பிறகு கறுவாச் சீனி. சுற்றைப் பிரித்துவிட்டு உருகவைத்தால் காற்றின் ஈரம் தோலில் படிந்து கொழகொழக்கும்.

சாம்பல்தீவு எழுதியது:

கடைசியாக ஒன்று. காலையில் ஏழு மணிக்குச் சூடாக வேண்டுமென்றால் ஈஸ்ட் மாவை முதல்நாள் இரவே குழைத்து வைக்கலாமா?

போறணைச்சூடு எழுதியது:

வைக்கலாம், சுவையும் கூடும். ஈஸ்ட்டை 1 தேக்கரண்டியாகக் குறையுங்கள். குழைத்ததும் வெளியில் 15 நிமிடம் மட்டும் வைத்து, மாவைத் தட்டையாக்கி, இறுக மூடி பிரிட்ஜில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர மூன்று மணித்தியாலம் எடுக்கும், அதற்குள் நடு மட்டும் பொங்கிப் புளித்துவிடும். தட்டையாக இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் முழுதும் குளிர்ந்துவிடும். காலையில் ஐந்தரைக்கு எடுத்து, குளிராக இருக்கும்போதே உருட்டி வெட்டுங்கள், அப்போதுதான் வெட்டு சுத்தமாக இருக்கும். குளிர் மா என்பதால் இரண்டாவது பொங்கலுக்கு 45 நிமிடம்வரை போகலாம். விரல் அடையாளத்தைப் பார்த்து முடிவெடுங்கள். ஓவனை ஆறு மணிக்கே போட்டுவிடுங்கள்.